ஒரே நாளில் சென்னை சென்று திரும்ப ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையைச் சேர்ந்த தோழியர் நால்வர், என் தங்கையின் கலியாணத்துக்கான சேலைகள் வாங்குவதற்காக, காலை விமானத்தில் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்டு அன்றிரவே திரும்பும் எண்ணத்தில் இருக்கிறோம். பறக்கும் நேரம் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவுதான்; இரு நாடுகளுக்கும் நேர வித்தியாசமும் இல்லை. இந்திய இ-விசாவுக்கு விண்ணப்பித்து விட்டோம்.

விமான நிலையத்துக்கு எதிரிலுள்ள திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு பக்கத்திலேயே வந்துவிடும் என்பதால், வாடகைக் காரில் நெரிசலில் நிற்பதைவிட அதுவே மேல் என்று நினைக்கிறேன். எனினும் திரும்பும்போது நிறைந்த பைகளுடன் மாலை நேர ரயிலில் ஏற முடியுமா என்பதை அங்கு போய்வந்தவர்களே சொல்ல வேண்டும். கூறைச் சேலைக்குப் பாண்டி பஜார் பக்கமுள்ள பெரிய கடைகள் நல்லவையா, அல்லது ஒரு நாளில் அவற்றை ஏறியிறங்கவே நேரம் போய்விடுமா? சேலைக்கு ஃபோல்ஸ் அடித்து அன்றே தருவார்களா? (சட்டையைக் கொழும்பிலேயே தைத்துக்கொள்வோம்; எங்கள் தையற்காரரைக் கோபப்படுத்த இயலாது.)

எல்லாவற்றிலும் முக்கியமானது சுங்கம். ஒரே நாளில் திரும்பும் பயணியிடம் பத்துப் பன்னிரண்டு பட்டுச் சேலைகள் இருந்தால் வியாபாரப் பொருளாகக் கருதி வரி அறவிடுவார்களா, பற்றுச்சீட்டுகளைக் காட்டினால் போதுமா என்பதை அண்மையில் சென்று வந்தவர்கள் அறியத்தந்தால் பேருதவியாக இருக்கும்.