டூமாஸ் வீதியில் ஒரு வெள்ளைக்காரரும் என் 78 மாடல் புல்லட்டும்

முத்தியால்பேட்டை 350

பத்து நாளாக மனதை அரிக்கிறது, கொட்டிவிடுகிறேன்.

பாண்டி பீச் ரோட்டில் காலையில் வண்டி விடமாட்டார்கள். டூமாஸ் வீதியில் நிறுத்திவிட்டு நடைப்பயிற்சி போனேன். திரும்பி வந்தால் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர் வண்டியின் வலது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாட்டு வைத்தியர் மாதிரி கியர்பாக்ஸைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

பழைய புல்லட்காரர்களுக்குத் தெரியும், குதிகாலால் அழுத்துகிற அந்தக் குட்டி நெம்பு, நியூட்ரல் ஃபைண்டர். இந்தக் காலத்துப் பையன்கள் அது எதற்கு என்று கேட்பார்கள். மனிதர் உள்ளங்கையை அதன் மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். டக். மூன்றாவது கியரில் நிறுத்தியிருந்தேன், நியூட்ரலுக்கு வந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

அப்பா இங்கிலாந்தில் புல்லட் செய்த ரெட்டிச் ஆலையில் வேலை பார்த்தவராம். இவர் சிறுவனாக சனிக்கிழமைகளில் போய் இந்த நெம்பைத்தான் அழுத்தி விளையாடுவாராம். "இது எங்கள் வண்டி" என்றார், சாதாரணமாகத்தான். எனக்கு என்ன வந்ததோ, "நீங்கள் மூடிவிட்டீர்கள், எங்கள் ஊரில்தான் அது உயிரோடு இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். என் ஆங்கிலத்தில் அது இன்னும் முரட்டுத்தனமாகக் கேட்டிருக்கும். அவர் "ஆமாம், உண்மைதான்" என்றார். என் சீட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். முழங்கால் வலி போல. போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே ஒரகடம் புல்லட் ஆலையில் வேலை பார்க்கிற அக்கா மகன் போனில் சொல்கிறான், "மாமா, இப்பல்லாம் தாய்லாந்து, பிரேசில்னு பெட்டியில பார்ட்ஸ் போகுது, அங்கயே கோர்த்து விக்கிறாங்க." எனக்கு உடனே எரிந்தது. நம்ம வண்டியை எதற்கு அங்கே கோர்க்கணும்? கேட்ட அடுத்த நிமிடம் அந்தக் கிழவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஓ.டி. கடலூர்

எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்தது, ஆனால் ஹார்லி டேவிட்சன் பைக்குக்காக. சித்தி மகன் தாய்லாந்தில் ராயோங் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன், ஹார்லி ஆலை அவன் இருக்கிற பக்கம்தான் என்று பெருமை அடித்தான். என் தம்பி விடவில்லை. "அமெரிக்காவுல மில்வாக்கி வண்டிடா அது, தாய்லாந்துல செஞ்சா அதுக்குப் பேர் ஹார்லியா?"

அவன் கணக்குச் சொன்னான். 2018-ல் டிரம்ப் இரும்புக்கு வரி போட, ஐரோப்பா பதிலுக்கு அமெரிக்க மோட்டார் சைக்கிளுக்கு வரியை 6-லிருந்து 31 சதவீதம் ஆக்கியது. வண்டிக்குச் சராசரியாக 2,200 டாலர் கூடுதல் செலவு என்று கம்பெனியே சொன்னது. அதனால் ஐரோப்பாவுக்குப் போகிற வண்டியை அமெரிக்காவுக்கு வெளியே செய்வோம் என்றார்கள். டிரம்புக்குக் கோபம் வந்தது. ஹார்லி ஓட்டுகிறவர்களே கம்பெனியைப் புறக்கணிக்கப் போவதாகச் சொன்னபோது, நல்லது என்று அதற்கும் கை தட்டினார்.

இதையெல்லாம் வாசலில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டே கேட்ட எங்கள் அத்தை தலையைத் தூக்காமல் சொன்னது: "பலா எங்க பழுத்தா என்னடா, பண்ருட்டின்னு சொன்னாதான மெட்ராஸ்காரன் வாங்கறான்."

தம்பி வாயை மூடிக்கொண்டான். எனக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. பண்ருட்டியில் தோப்பு வைத்திருக்கிறவனுக்கு இது சிரிப்பாகவா இருக்கும்?

லாஸ்பேட்டை ஸ்பேனர்

முத்தியால்பேட்டை அண்ணே, நீங்கள் குற்ற உணர்ச்சிப் படவே வேண்டாம், வரலாறு தெரிந்தால் போதும். 1955-ல் ரெட்டிச் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பித்தபோது, முதலில் ரெட்டிச்சிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்து இங்கே கோர்த்தார்கள். பிறகுதான் திருவொற்றியூர் ஆலை, பிறகுதான் ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்தது. இன்றைக்குத் தாய்லாந்துக்காரன் இருக்கிற இடத்தில் அன்றைக்கு நாம் இருந்தோம். 1970 வாக்கில் இங்கிலாந்தில் உற்பத்தி முடிந்தேபோனது, 1977-ல் நம் புல்லட்டை அவர்களுக்கே ஏற்றுமதி பண்ணினோம். ரெட்டிச் அதற்கு முன்னால் ஊசியும் தூண்டில் முள்ளும் செய்த ஊர். இந்தக் கம்பெனியின் வேரே ஒரு ஊசி ஆலைதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்த வண்டி எங்கே செய்தது என்று வாய்ச்சண்டை போடாமல் சேசிஸ் நம்பரைப் பாருங்கள். 17 இலக்கம் இருக்கும். 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்கா. எஸ்.ஏ.விலிருந்து எஸ்.எம். வரை பிரிட்டன். எம்.இ. என்றால் இந்தியா, எம்.எல். என்றால் தாய்லாந்து. செகண்ட் ஹேண்டில் டிரையம்ப் வாங்குகிறவர்கள் மட்டும் முதல் எழுத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். இங்கிலாந்தில் ஹிங்க்லி ஆலையில் செய்தது என்று கூடுதல் விலை கேட்பார்கள், தாய்லாந்தில் செய்ததற்கும் பிரிட்டன் எழுத்தே இருக்கலாம். தாய்லாந்தில் செய்தது என்பதால் வண்டி மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அதோடு, எந்தப் பழைய வண்டியையும் வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரும் ஃபிரேமில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, இன்ஜின் மாற்றியிருந்தால் அது பதிவில் ஏறியிருக்கிறதா, கடன் பாக்கி நீக்கியிருக்கிறதா, எல்லாம் பார்க்கணும். என் மச்சான் பார்க்காமல் வாங்கி ஆறு மாதம் அலைந்தான். இன்ஜினில் வருகிற டேப்பட் சத்தம் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம் காற்று

ஸ்பேனர் தம்பி, யாரும் செகண்ட் ஹேண்ட் வாங்குவது பற்றிக் கேட்கவில்லை.

அப்புறம் "அன்றைக்கு நாம், இன்றைக்குத் தாய்லாந்து" என்பது பாதிதான் சரி. பெட்டியில் அனுப்பிக் கோர்ப்பது வேறு, ஆலையையே மூடிவிட்டுப் போவது வேறு. ரெட்டிச்சில் நடந்தது இரண்டாவது. நம்முடைய புல்லட் ஆலை ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஹார்லியும் நம் நாட்டுக்கு வந்து போனதுதான். ஹரியானா பாவலில் 2011-ல் ஆரம்பித்து 2020-ல் கிளம்பினார்கள். இப்போது ஹார்லி எக்ஸ் 440-ஐ ஹீரோ கம்பெனி செய்கிறது. அதை வாங்குகிறவன் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது ஹீரோ என்றா சொல்கிறான்?

என் அனுபவம் சின்னது. கடலூர் ரெட்டைச்சாவடி தாண்டி ஒருவர் பிஒய் நம்பர் போட்ட புல்லட்டை ஓரம் கட்டி நின்றார், பஞ்சர். உதவப் போனேன். டேங்கில் பெரிய தேசியக் கொடி ஸ்டிக்கர். இப்படி வெளிநாட்டில் கோர்ப்பதெல்லாம் துரோகம், வேலை நம் பையன்களுக்கு வரணும் என்று அரைமணி நேரம் பேசினார். எல்லாம் சரி. எந்த ஊர் என்று கேட்டேன். நெல்லிக்குப்பம் என்றார். வீடு நெல்லிக்குப்பம், கடை நெல்லிக்குப்பம், வண்டியை மட்டும் பாண்டியில் பதிவு செய்திருக்கிறார், வரி குறைவு என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. டியூபைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த நம்பர் பிளேட்டை எப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஹார்லிக்காரன் செய்ததும் அதுதானே, வரி குறைவான ஊரில் பதிவு.

ஓ.டி. கடலூர்

நெல்லிக்குப்பத்துக்காரரை நக்கல் அடிக்க வேண்டாம் ஐயா. வரியை மிச்சம் பிடிக்கிறவனால் யாருக்கும் வேலை போகவில்லை. 2018 ஆரம்பத்தில் ஹார்லி அமெரிக்காவில் தன் கன்சாஸ் சிட்டி ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ராயோங்கில் நம்ம சித்தி மகனுக்குச் சம்பளம் வருகிறது, அங்கே யாரோ ஒருத்தனுக்கு நின்றது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று கம்பெனி சொன்னது. ஆலைத் தொழிலாளி நம்புவானா? நானும் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷட்டர் இறங்கியதைப் பார்த்தவன். அன்றைக்குக் கேட் வெளியே நின்றபோது எந்த வரிக் கணக்கும் எனக்கு விளங்கவில்லை, டிபன் கேரியரைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போனதுதான் ஞாபகம் இருக்கிறது.

முத்தியால்பேட்டை 350

ஓ.டி. அண்ணே, அந்த டிபன் கேரியர் விஷயத்தைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பெரியவரின் அப்பாவும் ஒருநாள் அப்படித்தான் கேட் வெளியே நின்றிருப்பார். நான் அதை அவர் மகனிடம் வெற்றி மாதிரி சொல்லிக்காட்டியிருக்கிறேன்.

மூன்று நாள் தொடர்ந்து அதே நேரத்துக்கு டூமாஸ் வீதியில் நிறுத்திப் பார்த்தேன். வரவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர், அவர் வந்த கூட்டம் மகாபலிபுரம் போய்விட்டது என்கிறார். வண்டியை இப்போதெல்லாம் மூன்றாவது கியரிலேயே நிறுத்துகிறேன், ஏன் என்று தெரியவில்லை.

ஸ்பேனர் தம்பி, என்னுடையது 78 மாடல். 17 இலக்கமெல்லாம் கிடையாது, தேய்ந்துபோன சின்ன நம்பர்தான். அடுத்த மாதம் ஆர்.சி. புதுப்பிக்கணும், சேசிஸ் நம்பரைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுக்கணும், தெளிவாக விழமாட்டேன் என்கிறது.

லாஸ்பேட்டை ஸ்பேனர்

முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். மெல்லிய தாள். எச்.பி. வேண்டாம், 2பி பென்சில் எடுங்கள், படுக்க வைத்துத் தேய்க்கணும்.