திரைச் சூட்டுக்கு ஒரு சொல் போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

கையடக்கக் கருவிகளின் திரையில் வெப்பத்தால் நேரும் மாற்றங்கள் அனைத்தையும் ‘திரைக் கருகல்’ என்ற ஒரே கலைச்சொல்லால் குறிக்கலாம் என முன்வைக்கப்பட்ட கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கருகிய பொருள் மீளாது என்பது நம் வழக்கு. இம்மாற்றங்களுள் ஒன்றோ நிழலுக்கு வந்ததும் தானாகவே மீள்வது.

மட்டக்களப்பில் கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில், வெயிலில் பூட்டி நிறுத்திய வான் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியுள்ள மலிவான இலக்க மணிக்கூடு, எண் எதுவும் தெரியாமல் மை பூசியதுபோல் கறுத்துக் கிடப்பதுண்டு. கதவுகளைத் திறந்து காற்றோட விட்டால் சற்று நேரத்தில் கறுப்பு விலகி எண்கள் தெளியும். இதைக் கருகல் என்று எழுதிவைத்தால், படிப்பவர் நல்ல திரையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதற்குக் காசு கொடுப்பார்.

காரணம் அத்திரையில் உள்ள திரவப் பளிங்கின் (எல்சிடி திரைகளில் இருப்பது; திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் பளிங்கில்போல் ஒழுங்காக நிற்கும் பொருள்) இயல்பில் உள்ளது. இத்தகைய திரையில், இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே 90 பாகை முறுக்காக அணிவகுத்து நிற்கும் மூலக்கூறுகள் ஒளியின் முனைவுத் தளத்தை, அதாவது ஒளி அதிரும் தளத்தை, திருப்புவதாலேயே, முதலாவது முனைவாக்கிக்கு (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) செங்குத்தாக வைக்கப்பட்ட இரண்டாவது முனைவாக்கியினூடாக ஒளி வெளியேறுகிறது. குறித்த வெப்பநிலையைத் தாண்டியதும் அவ்வொழுங்கு குலைந்து, பளிங்கு வெறுந் திரவமாகிவிடுகிறது; திரும்பாத ஒளியை இரண்டாவது முனைவாக்கி மறித்துவிடுகிறது. ஆறியதும் மூலக்கூறுகள் பழையபடி அணிவகுக்கும்.

அந்த வெப்பநிலைக்கு ‘தெளிநிலை’ என்பதை முன்மொழிகிறேன். உருகுநிலை, கொதிநிலை என்று பாடசாலையில் பழகிய வரிசையில் இது இயல்பாக அமரும். 1888 இல் ஒஸ்திரியத் தாவரவியலாளர் பிரடெரிக் ரைனிட்சர் ஆராய்ந்த கொலெஸ்தரைல் பென்சோயேற்று என்னும் திரவப் பளிங்குச் சேர்வை 145.5 பாகை செல்சியசில் கலங்கலான திரவமாக உருகி, 178.5 பாகையில் தெளிந்தது. பெயரின் பொருத்தம் அங்கேயே தெரிகிறது. திரை கறுக்கும்போது தெளிநிலை என்பது முரணல்லவா என்று கேட்கலாம். தெளிவது உள்ளிருக்கும் திரவம். திரையில் காண்பதற்கு ‘வெப்பக் கறுப்பு’ என்று தனிப் பெயர் இருக்கட்டும். பழுதுபார்க்கும் கடைகளில் ‘டிஸ்பிளே கறுத்துப் போச்சு’ என்றுதானே சொல்கிறார்கள். ‘கருமை’ என்று இலக்கியமாக்க வேண்டியதில்லை.

ஓஎல்ஈடி எனப்படும் சேதன ஒளிகாலும் இருவாயித் திரையில் திரவப் பளிங்கே இல்லை. அங்கு தானே ஒளிரும் சேதனப் பொருளின் (காபன் சேர்வையின்) சிதைவை வெப்பம் விரைவுபடுத்துகிறது. பொதுவாக நீலப் புள்ளிகளே முந்தி மங்கும், மங்கியவை மீளா. இதற்கு ‘வெப்ப மூப்பு’ பொருந்தும் என்பது என் எண்ணம். ‘தேய்வு’ என்றால் மேற்கண்ணாடியில் விழும் உராய்வு என்று மயங்க இடமுண்டு. சூடேறிய கைபேசி தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைத் தானே தாழ்த்துவது பழுதே அல்ல. அதை ‘சூட்டொளிக் குறைப்பு’ எனலாம்.

சொற்களோடு வரைவிலக்கணத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். வெப்பக் கறுப்பின் கீழ், ‘ஆறினால் மீள்வது, நிழலில் வைத்து ஆறவிடுக, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உள்ளே ஈரம் படியும்’ என்ற வரி அவசியம் இருக்க வேண்டும். வெப்ப மூப்புக்கு இதைவிடச் சிறந்த சொல் எவரிடமேனும் இருந்தால், மீளாமை என்ற பொருள் அதில் நிற்கிறதா என்று பார்த்து முன்வையுங்கள்.