நைஜீரியப் படங்கள்: அடுத்து எதைப் பார்க்கலாம்?

நண்பர்களே, நேற்றிரவு தூக்கம் வராமல் ஒரு நைஜீரிய மாயாஜாலப் படத்தைப் போட்டேன். அதில் ஆண், பெண் இருவரின் இடமும் தலைகீழ். பெண்கள் மாப்பிள்ளை தேடுகிறார்கள். கணவன்மார் அடுக்களையில் வேகிறார்கள். பாதிவரை விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: அந்தக் கணவனின் புலம்பல் எல்லாம் என் அம்மா தினமும் சொல்வதுதான்!

நாலிவுட், அதாவது நைஜீரியத் திரையுலகம் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சமே. 1992-இல் வீடியோ கேசட்டாக வெளிவந்து சந்தையையே மாற்றிய இக்போ மொழிப் படம் 'லிவிங் இன் பாண்டேஜ்' பற்றிப் படித்திருக்கிறேன். துண்டே கெலானியின் யொரூபா மொழிப் படம் 'சவொரோயிதே' (1999), சி.ஜே. ஒபாசியின் கறுப்பு வெள்ளைப் படம் 'மாமி வாட்டா' (2023) இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். எதை முதலில் பார்ப்பது?

நைஜீரியாவின் கானோ நகரத்து ஹவுசா மொழிப் படங்களில் இந்திப் படச் சாயல் உண்டாமே, பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பழைய படங்கள் சப்டைட்டிலுடன் எங்கே கிடைக்கும்? பேய், மாந்திரீகம் இருந்தாலும் பரவாயில்லை. மூன்று மணி நேர அழுகை மட்டும் வேண்டாம், அதற்கு வீட்டிலேயே தொடர்கள் ஓடுகின்றன.