கராஜ் ராக் (மெருகில்லாத முரட்டு ராக்): பேஸும் ஆர்கனும் சேர்ந்ததும் கிட்டார் ஒடுங்கிப் போகுது, என்ன செய்யலாம்?

முரட்டுரிஃப்:
முதல் ஆல்பத்துல கிட்டார், ட்ரம்ஸ், குரல் மட்டும்தான், ஒரே அறையில சேர்ந்து வாசிச்சது. புது ஆல்பத்துக்கு பேஸ் கிட்டாரும் ஆர்கனும் வந்திருக்கு. ஆனா டெமோவில கிட்டார் சின்னதாயிடுச்சு, அடிப்பகுதி குழம்புது. பிக் மஃப்ல (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்குற ஃபஸ் பெடல்) சஸ்டெயினை, அதாவது கரகரப்போட அளவை, கூட்டினா கிட்டார் இன்னும் பின்னாடி போகுது. ட்ரம்ஸ் தனியா எடுத்து, மத்ததெல்லாம் ஓவர்டப் (அப்புறம் மேல சேர்த்துப் பதிஞ்சது). முரட்டுத்தனம் போகாம எப்படி வளர்க்கிறது?

ஃபஸ்பிரியன்:
பிக் மஃப்போட டோன் சர்க்யூட் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல நடுப்பகுதியைக் குழிச்சிடும். ட்ரம்ஸ் மட்டும் துணைக்கு இருந்தப்ப அந்தக் குழி தெரியாது. பேஸ் வந்து அடியைப் பிடிச்சுக்கும், மேல சிம்பல் மூடிடும். கிட்டாருக்கு மிச்சம் அந்தக் குழிதான். சஸ்டெயின் கூடக்கூட, மீட்டுற தகடு கம்பியில விழுற முனைப்பும் மழுங்கும்.

சஸ்டெயினைப் பாதிக்கும் கீழ இறக்குங்க. பெடலுக்கு அப்புறம் ஒரு ஈக்யூ (அதிர்வெண் வாரியா ஒலியைக் கூட்டிக் குறைக்கிற கருவி) வெச்சு 800 ஹெர்ட்ஸ்ல இருந்து 1 கிலோஹெர்ட்ஸ் வரை 4–6 டெசிபல் ஏத்துங்க. மிக்ஸ்ல கிட்டாருக்கு 100–120 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க. தனியா கேட்டா மெலிசாதான் இருக்கும், அதனால சோலோ பட்டனைத் தொடாம பேஸோட சேர்த்தே முடிவு பண்ணுங்க.

ஃபஸ் ஃபேஸுக்கு (இன்னொரு ஃபஸ் பெடல்) மாறுறதா இருந்தா கிட்டாருக்கு அடுத்து முதல்ல அதை மாட்டுங்க. முன்னாடி பஃபர் (சிக்னல் பலவீனமாகாம காக்குற சர்க்யூட்) உள்ள பெடல் இருந்தா கீச்சுனு ஆயிடும்.

ஆர்கன்விரல்:
ஆர்கனில் இடது கையை எடுத்துவிடுங்கள், அந்த இடம் பேஸுடையது. வலது கை நடு சி-க்கு மேலே இருக்கட்டும். ட்ராபார் (ஒலியின் அடுக்குகளைக் கூட்டிக் குறைக்கும் இழுகோல்) இருந்தால், அடி ஸ்வரத்துக்கான 16 அடி பாரை முழுக்க உள்ளே தள்ளுங்கள்.

அடுத்தது கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள். இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக ஃபஸ்ஸுக்குள் போனால் அவற்றின் வித்தியாச அதிர்வெண்ணும் பிறக்கும். ச–ப விகிதம் 2:3. வித்தியாசம் 1, அதாவது ஒரு ஸ்தாயி கீழே அதே ச. ச–ப மட்டும் உள்ள பவர் கார்டின் கனம் அங்கிருந்துதான் வருகிறது. அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால், கிட்டாரில் அது சுத்த விகிதத்தைவிட 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தூக்கலாக இருப்பதால், பிறக்கும் ஸ்வரமும் விலகிக் கரகரக்கும். கிட்டாருக்கு ச–ப போதும், காந்தாரத்தை ஆர்கனிடம் விடுங்கள். ஆர்கனுக்குத் தனி ஆம்ப் (ஒலிபெருக்கி) வேண்டும்.

கிட்டார், ட்ரம்ஸ் என இருவர் மட்டுமே இருந்த தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவைக் கவனியுங்கள். 2003-இல் வந்த 'எலிஃபன்ட்' லண்டன் டோ ராக் ஸ்டூடியோவில் 8 டிராக் டேப்பில் பதிவானது. 2005-இன் 'கெட் பிஹைண்ட் மீ சேட்டன்' ஆல்பத்தில் பியானோவும் மரிம்பாவும் முன்னே வந்தபோது எலக்ட்ரிக் கிட்டார் பல பாடல்களில் விலகி நின்றது. நீங்களும் ஆர்கன் பேசும் சரணத்தில் கிட்டாரை நிறுத்திப் பாருங்கள். பல்லவியில் அது திரும்ப வரும்போது ஃபேடரை (ஒலி அளவுக் கோலை) ஏற்றவே வேண்டியிருக்காது.

முரட்டுரிஃப்:
காந்தாரம் இனி ஆர்கனுக்கு. ட்ரம்ஸுக்கு 8 மைக் வெச்சும் ஸ்னேர் (நடுவுல சுளீர்னு அடிக்கிற ட்ரம்) காகிதம் மாதிரி கேட்குது. அதுக்கு?

நாலுமைக்:
நாலா குறைங்க: கிக் (கால்ல அடிக்கிற பெரிய ட்ரம்), ஸ்னேர், ரெண்டு ஓவர்ஹெட் (முழு செட்டையும் பிடிக்கிற மைக்). ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் முறை. ஓவர்ஹெட் வைக்கிறது இப்படி. ஒண்ணு ஸ்னேருக்கு மேல சுமார் 100 செ.மீ.; இன்னொண்ணு ஃப்ளோர் டாமுக்கு (தரையில நிக்கிற பெரிய டாம் ட்ரம்) பக்கவாட்டுல, விளிம்புக்குச் சற்று மேல, ஸ்னேரைப் பார்த்து. ஸ்னேர் நடுவுல இருந்து ரெண்டுக்கும் ஒரே தூரம் இருக்கணும், கயிறு பிடிச்சு அளந்துக்குங்க. 17 செ.மீ. வித்தியாசம் வந்தாலே அரை மில்லிசெகண்ட் தாமதம். ரெண்டையும் கலந்தா 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அடிபட்டுப் போகும். ஸ்னேர் மெலியறது பெரும்பாலும் இதனாலதான்.

ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் மூணையும் ஒரே அறையில ஒரே டேக்கா எடுங்க. கிட்டார் தப்பினா அதை மட்டும் மாத்த முடியாது, ட்ரம்ஸ் மைக்குல பழைய கிட்டார் கசிஞ்சிருக்கும். முழுசா திரும்ப வாசிக்கணும். குரலும் ஆர்கனும் அப்புறம் சேர்க்கலாம். பழைய ஆல்பத்தோட ஒப்பிடுறப்ப அதோட வால்யூமை டெமோ அளவுக்கு இறக்கிட்டுக் கேளுங்க, மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன்னாடி செய்யுற கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிஞ்சது எப்பவும் சத்தமாத்தான் இருக்கும்.