1955 ராலி ஸ்போர்ட்ஸ் சைக்கிள், 180 பவுண்டு கேட்கிறார், வாங்கலாமா?

மழைச்சக்கரம்:
இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் ஒருவர் ராலி ஸ்போர்ட்ஸ் விற்கிறார். பச்சை, மூன்று கியர், புரூக்ஸ் தோல் சீட். 1955-ல் நாட்டிங்காமில் செய்தது, எல்லாம் ஒரிஜினல், 180 பவுண்டுக்குக் குறைக்க மாட்டேன் என்கிறார். ஓட்டிப் பார்த்தேன், இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் சில சமயம் மிதி சும்மா சுற்றுகிறது. பின் சக்கர நடுவில் கியர் இருக்கும் ஹப்பில் ஏடபிள்யூ, 68 4 என்று பொறித்திருக்கிறது. பெயின்ட் பளபளக்கிறது, ஆனால் ஃப்ரேமில் ஒரு எழுத்தும் இல்லை. வார இறுதியில் ஓட்டத்தான் வாங்குகிறேன்.

காட்டர்பின்:
68 4 என்றால் 1968 ஏப்ரலில் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி ஹப். ஒன்று, வண்டியே 68-ஐ ஒட்டியது. இல்லை, பின் சக்கரத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள். எப்படியானாலும் "எல்லாம் ஒரிஜினல்" என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. மிதி சும்மா சுற்றுவதற்குப் பயப்பட வேண்டாம், அந்த ஹப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே எந்தக் கியரிலும் சேராத நியூட்ரல் உண்டு, பெரும்பாலும் கேபிளைச் சரியாக இழுத்து வைத்தால் தீர்ந்துவிடும். இதை விற்பவரிடம் சொல்லாதீர்கள், பேரம் பேச உதவும் :)

ஹப் கெட்டிருந்தாலும் பாகம் கிடைக்கும். கிராங்க்கையும் (மிதியைத் தாங்கும் தண்டு) சீட் கம்பியையும்தான் பாருங்கள். சீட் கம்பி ஃப்ரேமுக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தால் கழற்றுவதற்குள் உயிர் போய்விடும். கிராங்க்கை ஆட்டிப் பாருங்கள், அதை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னைச் சுத்தியால் அடித்து நசுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் இடம்), ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடம்) மரை ராலிக்கே உரியது, அங்குலத்துக்கு 26. பொதுவான 24 மரைப் பாகம் அதில் ஏறாது.

நாரைச்சின்னம்:
பளபளப்புதான் எனக்கு உறுத்துகிறது. எழுத்து போயிருக்கிறது என்றால் மறுபெயின்ட். கீறல் விழுந்த பழைய பெயின்டும், ராலியின் நாரைச் சின்னம் பதித்த முன் பேட்ஜும் இருந்தால்தான் சேகரிப்பவர்கள் விலை கொடுப்பார்கள். அதோடு ஸ்போர்ட்ஸ் ஒன்றும் அரிய வண்டி இல்லை, 1950-களில் ராலி ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள் செய்துகொண்டிருந்தது. ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்ரக எஃகுக் குழாயில் செய்த ராலி ரெக்கார்ட் ஏஸ் என்றால் கதை வேறு. இதற்கு நான் நூறுக்கு மேல் போக மாட்டேன், அதுவும் சீட் வெடிக்காமல் இருந்தால்.

மழையில் ஓட்டுவீர்களா? குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

மழைச்சக்கரம்:
முன் பேட்ஜ் இருக்கிறது, ஆனால் அது மட்டும் பழையதாகத் தெரிகிறது. செயின் சக்கரத்தில் நாரை இல்லை, ஒரு கை இருக்கிறது!

காட்டர்பின்:
கை என்றால் ரட்ஜ், அண்ணா. 1943-ல் ராலி அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது, அதற்குப் பிறகு ரட்ஜ் பெயரிலேயே நாட்டிங்காமில் செய்தார்கள். அதனால் வண்டி மோசம் என்று அர்த்தமில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளின் பாகம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டுவதற்குத் தாராளமாகப் போதும், விலைக்குப் போதாது.

அம்பத்தூரான்:
குறுக்கே வருகிறேன். எங்கள் ஊரில் இதே ஆட்டம் வேறு மாதிரி நடக்கும், மேற்கு வங்கத்து அசன்சோலில் செய்த சென்-ராலியை "அசல் இங்கிலாந்து வண்டி" என்று தள்ளிவிடுவார்கள். பேட்ஜை மட்டும் நம்பாதீர்கள், அது ரெண்டு ரிவெட்டில் கழன்று வரும் சாமான். ஹப், செயின் சக்கரம், ஃப்ரேம் எண், இந்த மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

மழைச்சக்கரம்:
சரி, 90 சொல்லிப் பார்க்கிறேன். சீட் கம்பி அசையவில்லை என்றால் 60.