பின்கட்டுச் சுவர்

குழு: கீழவளவும் தெருவும்
சனிக்கிழமை

ஊர் அண்ணன் (காலை 6.40): [படம்] இன்று காலை ஊருணி. மாசி பிறந்து பத்து நாள்தான் ஆகிறது, தண்ணீர் பதினோராம் படிக்கும் கீழே போய்விட்டது. போன மாசியில் ஐந்தாம் படியில் உட்கார்ந்து கால் கழுவினோம்.

சென்னை ஆச்சி: அடப் பாவமே. கார்த்திகையில் முற்றத்து அண்டா இரண்டும் ஒரே ராத்திரியில் நிரம்பி வழிகிறது என்று வீடியோ போட்டாயே? அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போனது?

சிங்கப்பூர் தம்பி: எல்லாம் எல் நினோ. பசிபிக் கடல் சூடாகிறதாம், செய்தியில் அதுதான் ஓடுகிறது.

பாப்பா (வேளாண் கல்லூரி): அம்மான், எல் நினோ வந்தால் அடிபடுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை. நம் ஐப்பசி, கார்த்திகை மழை எல் நினோ வருஷத்தில் பல தடவை கூடத்தான் பெய்திருக்கிறது. 2015 எல் நினோ வருஷம்தான், சென்னை மிதந்தது. அது விலகிய பிறகு 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள்.

சிங்கப்பூர் தம்பி: சரி, எல் நினோவை விட்டுவிடுகிறேன். அப்புறம் யார் மேல் பழி போடுவது?

பாப்பா (வேளாண் கல்லூரி): 😄 சிவகங்கை மாவட்டத்துக்கு வருஷச் சராசரி சுமார் 900 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில். வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் நம் பக்கம் வந்தால் மழை. ஆந்திரா பக்கம் ஏறிவிட்டால் ஈரக்காற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்று நாலு சுற்று மழையை நம்பித்தான் நம் வருஷமே ஓடுகிறது. அதில் ஒன்று தப்பினாலும் போச்சு.

கண்மாய்க்கரை மாமா: கணக்குப் பார்த்தால் மழை அவ்வளவு குறைச்சல் இல்லை பாப்பா. நேரம்தான் கெட்டுப்போனது. புரட்டாசியில் புழுதியில் விதைத்தேன். ஐப்பசியில் ஒரு மழை, பயிர் சாண் உயரம் வந்தது. அப்புறம் இருபத்தாறு நாள் ஒரு சொட்டு இல்லை. வயல் வெடித்து, வெடிப்புக்குள் கதிர் அரிவாளை விட்டால் பிடி வரை இறங்கியது. தப்பிப் பிழைத்த பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. சாய்ந்தது எழுந்திருக்கவே இல்லை. மாட்டுக்கு வைக்கோலாவது மிஞ்சியது என்று நினைத்தேன், அதுவும் பாதி அழுகிவிட்டது.

சென்னை ஆச்சி: பயிர்க் காப்பீடு கட்டியிருந்தீர்களே மாமா?

கண்மாய்க்கரை மாமா: கட்டினேன் ஆச்சி. வயல் வயலாகவா பார்ப்பார்கள்? நாலு இடத்தில் அறுத்துப் பார்த்துச் சராசரி எடுக்கிறார்கள். கிணறு உள்ளவர்களுக்கு ஓரளவு விளைந்திருக்கிறது. அந்தச் சராசரியில் என் வயல் காணாமல் போய்விட்டது. ஒரு பசுவை விற்றேன். மகன் பொங்கல் முடிந்ததும் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

சிங்கப்பூர் தம்பி: வருத்தமாக இருக்கிறது மாமா. ஒன்று செய்வோம், நான் பணம் அனுப்புகிறேன். ஜேசிபி வைத்து ஊருணியைப் பத்தடி ஆழப்படுத்திவிடலாம். அடுத்த மழைக்கு இரண்டு மடங்கு தண்ணீர் நிற்கும்.

கண்மாய்க்கரை மாமா: தம்பி, அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் களிமண்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை அள்ளிவிட்டால் கீழே செம்புறாங்கல்லும் சரளையும்தான். சல்லடையில் ஊற்றின கதையாகிவிடும். மேலே படிந்த வண்டலை மட்டும் வழித்து எடுத்தால் போதும், வயலுக்கும் ஆகும்.

ஊர் அண்ணன்: ஆழம் இருக்கட்டும், முதலில் தண்ணீர் வந்து சேர வேண்டுமே. நேற்று நானும் மாமாவும் வரத்துக்கால் நெடுக நடந்து பார்த்தோம். மேலே தைல மரக் காட்டுக்குள் மழைத் தண்ணீரை அங்கேயே தேக்க வரப்பு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி வருவது கொஞ்சம். அப்புறம் அரை மைல் சீமைக் கருவேலம், குனிந்துதான் போக முடிந்தது. என் சட்டை கிழிந்தது.

பாப்பா (வேளாண் கல்லூரி): 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊரெல்லாம் வெட்டினார்கள், மறுபடி துளிர்த்துவிட்டது. அந்த மரத்தால்தான் வறட்சி என்று சிலர் சொல்கிறார்கள். பயிர் இல்லாமல் போட்ட நிலத்தில்தான் அது புகுந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

கண்மாய்க்கரை மாமா: கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களிடம் அதை வெட்டச் சொல்லிப் பார் பாப்பா.

ஊர் அண்ணன்: முழுவதையும் கேளுங்கள். இவ்வளவு இருந்தும் போன வருஷம் வரை ஊருணிக்குத் தண்ணீர் வந்தது, மிச்சம் கண்மாய்க்கும் போனது. இந்த வருஷம் வரத்துக்கால் எங்கே முடிகிறது தெரியுமா? நம் வீட்டுப் பின்கட்டுச் சுவரில். வைகாசியில் அப்பச்சியின் சாந்தி விழாவுக்குக் கார் நிறுத்தக் கட்டின ஷெட். [படம்] சுவருக்கு வெளியே மூன்றடி உயரத்துக்குச் சேற்றுக் கோடு. பாலிதீன் பை, தென்னை மட்டை, ஒற்றைச் செருப்பு எல்லாம் ஒட்டியிருக்கின்றன. முட்டி நின்ற தண்ணீர் ரோட்டுப் பக்கம் திரும்பி ஓடைக்குப் போய்விட்டது.

சென்னை ஆச்சி: பட்டா நம் பெயரில்தானே இருக்கிறது?

ஊர் அண்ணன்: நம் பெயரில்தான். ஆனால் பழைய சுவரின் அடியில் சதுரமாக ஒரு ஓட்டை இருந்ததே, பூனைப் பொந்து என்று சொல்லி அதற்குள் கோலிக்குண்டு உருட்டுவோமே. அது பூனைப் பொந்து இல்லை.

ஊர் அண்ணன்: அப்பத்தாவிடம் இப்போதுதான் கேட்டேன். ஐயா காலத்தில் ஐப்பசி பிறக்குமுன் இரண்டு ஆளை விட்டு அந்தப் பொந்தைத் தோண்டிச் சுத்தம் செய்யச் சொல்வார்களாம். அவர்களுக்கு அப்பத்தா கையால் சோறு. “இதுகூடத் தெரியாமலா சுவர் கட்டினீர்கள்” என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

சிங்கப்பூர் தம்பி (காலை 8.15): அடைக்கச் சொன்னது நான்தான். பாம்பு வரும் என்றேன்.

சென்னை ஆச்சி: திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அந்த வரப்பைப் பற்றி மனு கொடுப்போமா?

கண்மாய்க்கரை மாமா: கொடுப்போம் ஆச்சி. ஆனால் முதலில் நம் சுவரைத் திறந்துவிட்டுக் கொடுப்போம். விசாரிக்க வருகிறவர் வரத்துக்கால் வழியே நடந்து வந்தால் நேரே உங்கள் ஷெட்டில்தான் முட்டுவார்.

சிங்கப்பூர் தம்பி: 🙏 மூன்றடி அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். பாம்புக்குக் கம்பி வலை மட்டும்.

கண்மாய்க்கரை மாமா: வலை வேண்டாம், ஒரே மழையில் குப்பை அடைத்துக்கொள்ளும். நாலு விரல் இடைவெளியில் கம்பி நட்டால் போதும். பாம்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் அண்ணன்: கொத்தனார் புதன்கிழமை வருகிறார். ஷெட்டில் இருக்கும் காரை வெளியே எடுக்க வேண்டுமாம். சாவி யாரிடம்?

சென்னை ஆச்சி: என்னிடம்தான். இன்றைக்கே கூரியரில் போடுகிறேன்.