திங்க்பேட் டி430-க்கு எஸ்எஸ்டி: எதை வாங்குவது, குளோனா, புது இன்ஸ்டாலா?

பழையபெட்டி:
லெனோவோ திங்க்பேட் டி430. ஐ5-3320எம், ஒரே ஸ்டிக்கில் 4 ஜிபி ரேம், 500 ஜிபி 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. டெஸ்க்டாப் வந்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, சிபியு 10-ஐத் தாண்டுவதில்லை. எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் டேட்டா வைக்கும் டிஸ்க்) போடலாம் என்று இருக்கிறேன். எம்.2 (சின்ன அட்டை வடிவம்) வாங்குவதா, 2.5 இன்ச்சா (லேப்டாப் ஹார்ட் டிஸ்க் அளவு)? இருக்கிற விண்டோஸை அப்படியே குளோன் (முழு டிஸ்க்கையும் நகலெடுப்பது) செய்யலாமா? டேலி (கணக்கு சாஃப்ட்வேர்), டாக்குமெண்ட், போட்டோ எல்லாம் சேர்த்து 210 ஜிபி. 480 ஜிபி போதுமா, 500-தான் வேண்டுமா?

திருப்புளி:
எம்.2 பக்கமே போகாதீங்க, டி430-ல் அந்த ஸ்லாட் கிடையாது. 3ஜி கார்டுக்கான இடத்தில் எம்சாட்டா (எம்.2-க்கு முந்தைய சின்ன அட்டை வகை) எஸ்எஸ்டி உட்காரும். ஆனால் அந்த இடத்தின் இணைப்பு சாட்டா 2, செகண்டுக்கு 3 ஜிகாபிட்தான். ஹார்ட் டிஸ்க் இருக்கும் 2.5 இன்ச் பே (டிஸ்க் வைக்கும் இடம்) அதைவிட வேகமான சாட்டா 3. எனவே 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்க.

பெட்டியில் போட்டிருக்கும் 550 எம்பி வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் தட்டு அரைச்சுற்று சுற்றவே 4.2 மில்லிசெகண்ட் ஆகும். ஹெட் நகரும் நேரத்தையும் கூட்டினால் ஒரு சின்ன ஃபைலைத் தொட 12 மில்லிசெகண்ட் போல. அதாவது செகண்டுக்கு நூறு வாசிப்புகூடத் தேறாது. விண்டோஸ் ஏறும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கும், சிபியு சும்மா காத்திருக்கும். எஸ்எஸ்டி அதே வேலையைச் செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். சாட்டா 2 மட்டும் உள்ள இன்னும் பழைய லேப்டாப்பிலும் பெரிய வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

மாடல்: சாம்சங் 870 எவோ, க்ரூஷியல் எம்எக்ஸ்500 இரண்டிலும் டிராம் கேஷ் (வேகத்துக்கு உதவும் தற்காலிக நினைவகம்) உண்டு. கிங்ஸ்டன் ஏ400, க்ரூஷியல் பிஎக்ஸ்500 இரண்டிலும் இல்லை. டேலிக்கும் பிரவுசருக்கும் பின்னவையே போதும், ஆனால் முட்ட முட்ட நிரப்பினால் எழுதும் வேகம் படுத்துவிடும். 15, 20 சதவீதம் காலியாக விடுங்க. தேய்மானத்துக்குப் பயப்படத் தேவையில்லை. 870 எவோ 500 ஜிபிக்கு 300 டிபி (3 லட்சம் ஜிபி) எழுத்து வரை வாரண்டி. தினம் 20 ஜிபி எழுதினாலும் 40 வருஷக் கணக்கு வருகிறது.

பெயர் தெரியாத பிராண்டில் 2 டிபி அடிமாட்டு விலைக்கு வந்தால் தொடாதீங்க. உள்ளே ஒரு மெமரி கார்டை ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு நிறைய உலவுகிறது. எதை வாங்கினாலும் டேட்டா போடும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ-வை (கொள்ளளவு உண்மையா என்று எழுதிப் படித்துச் சோதிக்கும் சாஃப்ட்வேர்) முழுக்க ஓடவிட்டுப் பாருங்க.

மாட்டும் வேலை பத்து நிமிஷம். அடாப்டர், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டுப் பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்துங்க. அடிப்பக்க ஓரத்தில் டிஸ்க் மூடிக்கு ஒரே ஸ்க்ரூ. மூடியை எடுத்து, பிளாஸ்டிக் நாடாவைப் பிடித்து நேராக இழுத்தால் டிஸ்க் வந்துவிடும். இரு பக்கமும் உள்ள ரப்பரைக் கழற்றிப் புதியதில் மாட்டுங்க. எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன். பழையது 9.5 மிமீ என்றால் மீதி இடத்துக்கு ஸ்பேசர் ஒட்டணும். ஆடினால் கனெக்டர் சரியாகப் பதியாமல் சில நாள் டிஸ்க் தெரியும், சில நாள் தெரியாது.

பூட்_செக்டர்:
குளோன் பண்றதுக்கு முன்னாடி பழைய டிஸ்க்கோட உடம்பைப் பாருங்க. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல (டிஸ்க்கோட நிலையைக் காட்டுற சாஃப்ட்வேர்) 05 (கெட்டதால மாத்தி வச்ச செக்டர்), சி5 ரெண்டு வரியும் பூஜ்யமா இருக்கணும். சி5-ல எண் இருந்தா, படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கோட சின்னத் துண்டு) இருக்குன்னு அர்த்தம். குளோன் பாதில நிக்கும், நிக்காட்டி கெட்டுப்போன ஃபைலையும் சேர்த்துக் கொண்டுவரும். அப்படின்னா குளோனை மறந்துட்டு டேலி டேட்டாவை முதல்ல காப்பி எடுங்க.

டிஸ்க் நல்லா இருந்தா குளோன் ஓகே. ஆனா 500-ஐயே வாங்குங்க. குளோனிசில்லா (குளோன் பண்ற சாஃப்ட்வேர்), இலக்கு டிஸ்க் மூலத்தைவிடச் சின்னதா இருந்தா சாதாரணமா மறுத்துடும், உள்ளே 210 ஜிபிதான் இருந்தாலும். 480-ஐ வச்சுக்கிட்டு பார்ட்டிஷனைச் சுருக்கி மல்லுக்கட்டுறது தேவையில்லாத வேலை.

எஸ்எஸ்டியை யுஎஸ்பி-சாட்டா கேபிள்ல போட்டு யுஎஸ்பி 3.0 போர்ட்ல செருகுங்க. 210 ஜிபிக்கு முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி ஆகும். வேகத்தைப் பிடிச்சு இழுக்கிறது பழைய டிஸ்க்தான். முடிஞ்சதும் ஆஃப் பண்ணி, டிஸ்க்கை மாத்தி, முதல் தடவை எஸ்எஸ்டி மட்டும் இருக்கிற மாதிரி பூட் பண்ணுங்க. ரெண்டுக்கும் ஒரே டிஸ்க் சிக்னேச்சர் (விண்டோஸ் டிஸ்க்கை அடையாளம் காணும் எண்). சேர்ந்து இருந்தா விண்டோஸ் ஒண்ணை ஆஃப்லைன் ஆக்கிடும்.

பயாஸை (ஆன் பண்ணும்போது எஃப்1 அழுத்தினா வர்ற செட்டிங்) கண்டபடி மாத்தாதீங்க. கான்ஃபிக், சீரியல் ஏடிஏ உள்ளே ஏஹெச்சிஐ-ன்னு (சாட்டா டிஸ்க்கை இயக்குற புது மோட்) இருந்தா அப்படியே விடுங்க. கம்பாட்டிபிலிட்டின்னு இருந்தா, விண்டோஸ் அந்த மோட்ல இன்ஸ்டால் ஆகியிருக்கு. திடீர்னு மாத்தினா நீலத் திரை வரும். முதல்ல சேஃப் மோடுக்கு செட் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணி, அந்த இடைவெளில பயாஸ்ல மாத்தி, சேஃப் மோடுல ஒரு தடவை ஏறிட்டா டிரைவர் பிடிச்சுக்கும்.

திருப்புளி:
குளோனில் நான் உடன்படவில்லை. பல வருஷ விண்டோஸ் என்றால் அதன் குப்பையும் சேர்ந்து வரும். புது இன்ஸ்டாலே சுத்தம். ஆக்டிவேஷன் ஏற்கெனவே டிஜிட்டல் லைசென்ஸ் என்றால் அது மதர்போர்டோடு போகும், கீ கேட்கும்போது தவிர்த்துவிடலாம். ஃபார்மட்டுக்கு முன் டேலி லைசென்ஸை மட்டும் மறக்காமல் சரண்டர் (பழைய இன்ஸ்டாலிலிருந்து விடுவிப்பது) செய்யுங்க.

பூட்_செக்டர்:
சரி, ஆனா அவருக்கு திங்கட்கிழமை பில் போடணும்னா குளோன்தான் சீக்கிரம். குப்பையை அப்புறம் கூட்டலாம்.

பழையபெட்டி:
500-ஐயே வாங்குகிறேன். சி5 பூஜ்யம், பயாஸில் ஏஹெச்சிஐ. இன்னும் இரண்டு: ரேம் கூட்டணுமா? பழைய டிஸ்க்கை டிவிடி டிரைவ் இடத்தில் வைக்கலாமா?

மின்கம்பி:
ரேம் கட்டாயம். 4 ஜிபி போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்தும், எஸ்எஸ்டி அந்த வலியை மறைக்கும், போக்காது. டிடிஆர்3 1600 லேப்டாப் ரேம், 204 பின். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ஸ்டிக்கும் ஓடும். இன்னொரு 4 ஜிபி போட்டால் இரண்டும் ஜோடியாக ஓடும், ஆன்போர்டு கிராபிக்ஸுக்கும் நல்லது. இந்த லேப்டாப்பில் உச்சம் 16.

பழைய டிஸ்க்கை டிவிடி இடத்தில் வைக்கலாம். அதற்கான கேடி (டிஸ்க்கை மாட்டும் சட்டம்) வாங்கும் முன் டிவிடி டிரைவின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 9.5, 12.7 என இரண்டு அளவு விற்கிறது, ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. விண்டோஸ் எஸ்எஸ்டியில், மெயின் பேயில். கேடியில் பழைய டிஸ்க், டேட்டாவுக்கு மட்டும். உடனே அதை அழிக்க வேண்டாம், புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடட்டும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு சோதனை. டிரைவ் ஆப்டிமைஸ் விண்டோவில் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று வருகிறதா பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்று காட்டினால் ட்ரிம்முக்கு (அழித்த ஃபைலின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) பதில் டீஃப்ராக் (ஹார்ட் டிஸ்க்கில் சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) ஓட்டிவிடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 எண் (டேட்டா கடத்துவதில் வரும் பிழை) வாராவாரம் ஏறினால் எஸ்எஸ்டியைக் குறை சொல்லாமல் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.

மூன்றாம் தலைமுறை ப்ராசஸர், டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) 1.2 என்பதால் முறையாக விண்டோஸ் 11 கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை. டேலி இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் போடச் சொல்லியிருப்பேன்.

டேலி பேக்கப்பை வாரம் ஒருமுறை கேடியில் உள்ள பழைய டிஸ்க்குக்கும், மாதம் ஒருமுறை வெளியே ஒரு பென்டிரைவுக்கும் எடுங்கள். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் கடகடவென்று சத்தம் கொடுக்கும், எஸ்எஸ்டி ஒரு காலையில் பயாஸிலேயே தெரியாமல் போகும். ட்ரிம் ஓடிய பிறகு அழித்த ஃபைலை ரெக்கவரி கடைக்காரராலும் எடுக்க முடியாது.